மஞ்சள் வண்டியின் இடது விளக்கு

எங்கள் கூட்டத்தில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. வண்டிதான் பெயர். வெள்ளி இன்னும் வரலையா, பச்சைக்கு டயர் போயிடுச்சாம், சிவப்புக்கு ரெண்டாவது பெண் பிறந்திருக்காம் என்றுதான் பேசிக்கொள்வோம். சிவப்பு ஒரு பல் மருத்துவர் என்று எனக்குத் தெரியவே ஒரு வருடம் ஆயிற்று. சொந்தமாக ஒரு ஸ்கூட்டர்கூட இல்லாத என்னை எல்லோரும் 'துணி' என்று கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு துடைக்கும் துணி தொங்குவதால் வந்த பெயர். கேமரா தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் அந்த வண்டிகளின் மேல் கை வைக்க அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான்.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆறு மாடி வண்டி நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில் கூடுவோம். கீழே கடைகள் திறக்க இன்னும் நேரம் இருக்கும். வெயில் சாய்வாக விழும். பத்துப் பன்னிரண்டு வண்டிகள், எல்லாமே கடல் தாண்டி வந்தவை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஒரு வேகத்தடையைத் தாண்டுவதற்குள் உடையவருக்கு உயிர் போய் உயிர் வரும். கதவை மேல் நோக்கித் திறந்து காட்டுவார்கள். என்ஜினை உறும விடுவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாயில் ஈ போவது தெரியாமல் நிற்பார்கள். நான் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டையோடு தரையில் படுத்துக் கிடப்பேன். மெருகேற்றிய கதவு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. வெள்ளைச் சட்டை போட்டால் வண்டியோடு நம் தொப்பையும் சேர்ந்து பதிந்துவிடும்.

இந்தக் கூட்டத்துக்கென்று சில சட்டங்கள் உண்டு. படம் எடுப்பவன் முதலில் வண்டியைத் துடைக்க வேண்டும். நம்பர் பலகையைப் படத்தில் அழித்துவிட வேண்டும். கல் பட்ட புள்ளி, கீறல், பறவை எச்சத்தின் தடம் எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. திருத்திய படத்தை உடையவரிடம் கொடுத்ததும் அசல் படங்களை அழித்துவிட வேண்டும். முன்பு யாரோ ஒருவன் ஒரு வண்டியின் திருத்தாத படத்தை வெளியே விட, அதில் தெரிந்த கீறலைக் காட்டியே அந்த வண்டியை விற்க விடாமல் செய்தார்களாம். அன்றிலிருந்து இந்தச் சட்டம். எனக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை. வாரநாளில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கன்னத்துப் பருவை எடுப்பதும் பம்பர் கீறலை எடுப்பதும் எனக்கு ஒன்றுதான்.

நான் இருப்பது அக்கா வீட்டில். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு முழம் அகலத்துக்கு ஒரு பால்கனி. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், மீனும் பழமும் அடைத்து வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவலாளி. வெயில் காலத்திலும் கம்பளிக் குல்லாயோடு வேலைக்குப் போகிற ஒரே மனிதர். விடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வந்து சேருவார். ஞாயிறு என்றால் அவர் வரும் நேரமும் நான் கிளம்பும் நேரமும் ஒன்று. படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் படம் எடுக்கற. என் வண்டிய எப்போடா எடுப்ப?" என்பார். அடுத்த வாரம் மாமா என்பேன். கேரியரில் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டும் ரப்பர் பட்டையும், பின் மட்கார்டில் அவர் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்த மின்னும் ஸ்டிக்கரும் அந்த வண்டியின் அலங்காரம். "இருட்டுல கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்" என்பது அதற்கு அவர் கொடுத்த விளம்பரம்.

அந்த ஞாயிறு நான் ஆறு மணிக்கே மேலே போய்விட்டேன். மேகம் கலைந்துகொண்டிருந்தது, நல்ல வெளிச்சம் கிடைக்கும் என்று ஆசை. வீட்டுப் படிக்கட்டில் மாமாவைப் பார்க்கவில்லை. நான்தான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வேலையில் இருக்கும்போது போன் அடித்தால் பிடிக்காது. அதை ஊமையாக்கிப் பைக்குள் போட்டேன்.

ஆறு நாற்பதுக்கு மஞ்சள் வந்தார். கூட்டத்திலேயே அதிக விலை வண்டி அவருடையதுதான். ஐம்பதைத் தொட்ட மனிதர். கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழில். மற்றவர்கள் என்னை வேலையாள் மாதிரி நடத்தும்போது இவர் தோளில் கை போட்டுப் பேசுவார். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குத் தலைகால் புரியாது.

அன்று வண்டியை விட்டு இறங்கியவர் என் தோளில் கை போடவில்லை. முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். நானும் போனேன். இடது விளக்கின் கீழ் மூலை உடைந்து ஒரு சில்லு காணாமல் போயிருந்தது. பம்பரின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குப் பழுப்பாக ஏதோ இழுபட்டுக் காய்ந்திருந்தது.

"நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு துணி" என்றார். "லேசா தட்டிட்டேன்."

செத்துப்போச்சா என்று கேட்டேன். இல்லை, எழுந்து ஓடிவிட்டது என்றார். சாவியைப் பைக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, மனசு பதறாதா என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனிதர் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே நான் துணியை உருவிவிட்டேன். முழங்கால் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, பூச்சில் கோடு விழாதபடி ஒரே திசையில் துடைத்தேன். பழுப்பு ஈரம் பட்டதும் சிவப்பானது. ஐயோ பாவம் நாய் என்று வாய்விட்டே சொன்னேன். துணியின் நனைந்த பக்கத்தை உள்ளே வைத்துச் சுருட்டிப் பையின் பக்கவாட்டு அறையில் செருகினேன். பிறகு இன்னொன்றும் செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. "அந்தத் தூண் பக்கமா மூக்க ஒட்டி நிறுத்துங்க சார். இந்த மூலை யார் கண்ணுலயும் படாது" என்று யோசனை சொன்னேன். அவர் அப்படியே நிறுத்தினார். அப்போதுதான் என் தோளில் கை போட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மற்றவர்கள் அன்று ஏழே காலுக்கு மேல்தான் வந்தார்கள். அதற்குள் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொல்லி முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி தூணோடு ஒட்டி நிறுத்த வைத்தேன். ஏழு பன்னிரண்டு என்று படத்தில் நேரம் பதிந்திருந்தது. மஞ்சளுக்கு ஏதோ வேலையாம், எட்டுக்கே கிளம்பிவிட்டார்.

ஒன்பதே காலுக்குப் பையிலிருந்து போனை எடுத்தேன். அக்காவிடமிருந்து பதினேழு அழைப்புகள்.

மாமா கிடங்கிலிருந்து வரும் வழியில், மேம்பாலம் இறங்கும் வளைவில் கிடந்தார். சைக்கிள் இருபது அடி தள்ளிக் கிடந்ததாம். தெருக் கூட்ட வந்த பெண்தான் பார்த்து ஆள் கூப்பிட்டிருக்கிறாள். இடித்தது எந்த வண்டி என்று பார்த்தவர் யாருமில்லை. லாரியாக இருக்கும் என்றார்கள். நானும் லாரி என்றே நம்பினேன், லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை ஏதோ காகிதங்களில் கையெழுத்துப் போட உட்கார வைத்திருந்தார்கள். மாமாவை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே நடந்தேன். தலை முழுக்கக் கட்டு, மூக்கில் குழாய். அவர் கை கட்டிலின் விளிம்பிலிருந்து வெளியே தொங்கியது. பிடிக்கப் போனேன். மேலே கை படக் கூடாது என்று ஊழியர் தடுத்துவிட்டார். அந்தக் கதவோடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் போன் செய்தார். படம் என்ன ஆயிற்று, கூட்டத்தின் இணையப் பக்கத்தில் மற்ற வண்டிகளை மற்றவர்கள் எடுத்த படமெல்லாம் வந்துவிட்டது, தன்னுடையது மட்டும் வரவில்லை என்று கேட்டார். மாமா ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னேன். எதில் அடிபட்டது, எங்கே என்று கேட்டார். மேம்பால வளைவு என்றேன். பிறகு மிகவும் மெதுவான குரலில், சிரமம்தான், ஆனாலும் இன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார். எப்பேர்ப்பட்ட மனிதர், நம் கஷ்டத்தைக் கேட்டு அவர் குரலே இறங்கிவிட்டதே என்று நான் உருகினேன். என்னைப் போல ஒரு மடையன் ஆயிரம் பேரில் ஒருவன் இருப்பான்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அந்த விளக்கின் உட்புறம் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறுகோணக் கட்டங்களாக இருக்கும். உடைந்துபோன மூலையில் ஏழு கட்டங்களும், எட்டாவதில் பாதியும் இல்லை. வலது விளக்கைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக வரைந்து நிரப்பினேன். நல்ல வேலைதான், எனக்கே எது அசல் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா இரண்டு நாளாகத் தூங்காத கண்ணோடு எட்டிப் பார்த்தாள். அப்போது பாதிதான் முடிந்திருந்தது.

"பாவம்டா, இதுக்கும் அடிபட்டிருக்கே" என்றாள்.

"நாய் மோதிடுச்சாம். இதோ சரி பண்ணிடறேன்" என்றேன்.

படங்களை அனுப்பினேன். சட்டப்படி அசலை அழித்தேன். கேமரா கார்டையும் சுத்தமாக அழித்துவிட்டேன். அன்று சாயந்திரம் கூட்டத்தின் பக்கத்தில் மஞ்சள் வண்டி, படத்தின் மூலையில் என் பெயர் முத்திரையோடு ஜொலித்தது. ஞாயிறு காலை ஏழு பன்னிரண்டு என்று எடுத்த நேரத்தையும் போடச் சொல்லி அவர் கேட்டிருந்தார். போட்டிருந்தேன்.

மறுநாள் மாமா இறந்துபோனார். நினைவு திரும்பவே இல்லை. கிடங்கில் கூட வேலை பார்த்தவர்கள் நான்கு பேர் வந்து சுமந்தார்கள். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கனமாக எதையும் பிடித்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை போலீஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி மீசை நரைத்த, தூக்கம் கெட்ட ஆள். கோப்பிலிருந்து சைக்கிளின் படங்களை எடுத்துக் காட்டினார். சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. மின்னும் ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று இருந்தது. மாமாவின் வண்டியைக் கடைசியில் படம் எடுத்தது போலீஸ்தான். பிறகு ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தார். மாமாவின் கம்பளிக் குல்லாயில் குத்திக்கொண்டிருந்ததாம். எந்த வண்டியுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அவருடைய பொருள் ஏதாவதா என்று வீட்டாரைக் கேட்கத்தான் கூப்பிட்டதாகச் சொன்னார்.

உள்ளே நிறமில்லாத ஒரு சில்லு. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அறுகோணக் கட்டங்கள். எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் எண்ணினேன். ஏழு, பிறகு ஒரு பாதி. இதே வடிவத்தைத்தான் நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து வரைந்திருந்தேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மஞ்சள், நாய், தூண், உடைந்த மூலை, நான் வரைந்து நிரப்பியது, அசலை அழித்தது. அவர் எழுதிக்கொண்டே வந்தார். நான் முடித்ததும் பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆள் பிடிபடட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால் பயம்தான். மாமாவின் குல்லாய் மாட்டும் ஆணியைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

இதற்கிடையில் கூட்டத்து ஆட்களிடமும் கேட்டுப் பார்த்தேன். சிவப்பு தான் எதையும் கவனிக்கவில்லை என்றார். வெள்ளி, தூண் பக்கம் நின்றதால் முன்பக்கமே தெரியவில்லையே என்றார். அது என்னவோ உண்மைதான். நான் அல்லவா நிறுத்தச் சொன்னேன். மறுநாளே என்னை அவர்களுடைய குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் அதிகாரி மறுபடி கூப்பிட்டார். மஞ்சளின் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. விளக்கு முழுசாக இருக்கிறது. மாற்றியிருக்கலாம், ஆனால் இந்த ஊரில் எந்தப் பட்டறையிலும் மாற்றியதாகப் பதிவில்லை. மஞ்சள் சத்தமே போடவில்லையாம். தேநீர் கொடுத்து, தன் போனை எடுத்துப் படத்தைக் காட்டினாராம்.

அதிகாரி தன் போனில் அதே படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். மூலையில் என் முத்திரை.

"விபத்து நடந்தது ஆறு மணி வாக்குல. ஏழு பன்னிரண்டுக்கு விளக்கு நல்லா இருந்திருக்கு. நீங்க எடுத்த படமே அவருக்கு சாட்சி தம்பி."

அது பொய்ப் படம், நான்தான் செய்தேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நான் நம்பறேன். நாளைக்குக் கோர்ட்டுல அவர் வக்கீல் என்ன கேப்பாரு? படத்த மாத்தறதே உங்க தொழில். செத்தவர் உங்க அக்கா புருஷன். இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு எப்படி நம்பறதுன்னு கேப்பாரு." சில்லு இருந்த உறையைக் கோப்புக்குள் தள்ளினார். "இது அந்த வகை வண்டியோடதுன்னுதான் சொல்ல முடியும். அந்த வகையில இங்க நாலு ஓடுது. அந்தக் காலைல, அந்த வண்டியத் தொட்ட மாதிரி, கையில பிடிக்கற பொருளா ஏதாவது இருக்கா? யோசிச்சுப் பாருங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். துணி.

சட்டத்தை மீறாமல் எல்லாவற்றையும் அழித்த எனக்கு, அந்தத் துணியைப் பற்றி மட்டும் சட்டம் இல்லாததால் நினைப்பே வரவில்லை. அன்று சுருட்டிப் பையின் பக்கவாட்டு அறையில் வைத்தேன். அதன் பிறகு பையைத் தொடவே இல்லை. கேமராவைப் பார்த்தாலே வெறுப்பாக இருந்ததால் அது கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. அதிகாரியிடம் சொன்னேன். அவர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கையால் தொடாதீர்கள், காகிதப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், ஒரு பொட்டு இருந்தாலும் போதும் என்றார். ஓடினேன். வயதான ஆள் மாதிரி மூச்சு வாங்க, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஓடினேன். மாமா இறந்த பிறகு அன்றுதான் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நேராக அறைக்குப் போய்ப் பையை இழுத்தேன். பக்கவாட்டு அறை காலி. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். லென்ஸ் மூடியும் பேட்டரியும்தான் உருண்டன.

"என்னடா தேடற?"

சாம்பல் நிறத் துணி, இதில்தான் வைத்திருந்தேன் என்றேன்.

"அதுவா" என்று மடித்து அடுக்கியதின் நடுவிலிருந்து உருவி எடுத்து நீட்டினாள். நான்காக மடித்திருந்தாள். ஓரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருந்தன. சோப்பு வாசனை வந்தது. நான் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம், மறு பக்கம். புதுசு மாதிரி இருந்தது.

"எப்பக்கா துவைச்சே?"

"முந்தாநாள். வீட்டப் பெருக்கறப்ப பையில கை பட்டுச்சு. விறைப்பா காஞ்சு கெடந்துது." அவள் என்னைப் பார்க்காமல் இன்னொரு சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். மாமாவின் சட்டை. "பாத்ததுமே என்னன்னு புரிஞ்சுபோச்சு. வெந்நி பட்டா கறை நின்னுடும். பச்சத் தண்ணில உப்புப் போட்டு ஒரு நாள் ஊற வெச்சேன். மூணு தண்ணி மாத்தினேன். ஒரு பொட்டு விடல."

நான் துணியை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தேன்.

"அவர் ரத்தம்டா. சாக்கடைல ஊத்த மனசு வரல. தொட்டிச் செடிக்குத்தான் ஊத்தினேன்." சட்டையின் கையை நீவி மடித்தாள். "எனக்கு அன்னிக்குக் கிட்டவே போகக் குடுத்து வெக்கல. கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடுன்னு உக்கார வெச்சுட்டாங்க. ஸ்கேனுக்குக் கொண்டுபோறப்ப நீயாவது கூடப் போயி அவரத் துடைச்சு விட்டிருக்கியே. அதுவே எனக்குப் போதும்."

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுதான். ஒரு கீறலை எடுத்துவிட்டால் படம் நன்றாக இருக்கும். 'ஆமாம்க்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் ஆயுள் முழுக்க அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பால்கனித் தொட்டியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"அக்கா, நான் மாமாவத் தொடவே இல்ல. என்னைத் தொட விடல" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப இது யாரு ரத்தம்?"

"மாமாவோடதுதான்."

அவள் துணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எதன் மேலிருந்து துடைத்தேன் என்று சொல்வதற்கு நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.